மின்வண்டியின் மெய்விலை

தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தைச் சென்ற ஆண்டு பாடங்கேட்டபொழுது, அஃது அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரிய அறிவுரை என்றே யாம் எண்ணியிருந்தோம். ஒரு வினையைத் தொடங்குமுன், அதனாற் செலவாவது எவ்வளவு, வரவாவது எவ்வளவு, பின்னும் நின்று பயன்தரும் ஊதியம் எவ்வளவு என மூன்றனையும் ஒருங்குவைத்து எண்ணவேண்டும் என்பதே அதன் முதற்பாட்டின் கருத்து. இக்கருத்து, நாடாள்வோர்க்கேயன்றி ஒரு வண்டி வாங்கப் புகும் எளிய குடும்பத்துக்கும் உரியதென்பதை எம் இல்லத்து நிகழ்ச்சியொன்று எமக்கு உணர்த்திற்று. அதனை முன்னிட்டு, மின்வண்டியின் மெய்விலையைக் கணிக்கும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

எம் ஊர் தஞ்சைக்கு அணித்தாய், வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ளதொரு சிற்றூர். எம் தமையனார் நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதுகின்றார். மின்வண்டிக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்குக் கால் ரூபாயே செலவென்று கேள்வியுற்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தம் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை 18,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு, 1,25,000 ரூபாய் விலையில் புதிய மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். குறைந்த 1,07,000 ரூபாய்க்காக எம் தாயாரின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குச் சென்றது. அதே வாரத்தில் அதே வகை வண்டியை, எம் தெருவில் பால் சேர்த்துத் தஞ்சைக்குக் கொண்டுசெல்லும் பெரியவர் ஒருவரும் வாங்கினார். ஓராண்டு கழிந்தது. பாற்காரப் பெரியவர் முகம் மலர்ந்திருந்தது. எம் தாயாரின் கழுத்தோ வெறுமையாகவே இருந்தது. ஒரே வண்டி ஒருவர்க்கு வரவும் மற்றொருவர்க்குச் செலவும் ஆயது எங்ஙனம்? ஆலைக்கணக்கில் ஒரு காசும் பிழைபடாத எம் தமையனார் சொந்தக் கணக்கிற் பிழைத்தது எவ்விடத்தில்?

நெல்லும் குதிரும்

மின்சாரத்தால் ஓடும் ஊர்தி நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. சென்னை மாநகரில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 வரையில் ஓடிற்று. ஆயின் டிராம் தனக்கு வேண்டும் மின்சாரத்தைச் செல்லும் வழியிலேயே கம்பியினின்று பெற்றுக்கொண்டது. இக்காலத்து ஸ்கூட்டரோ தனக்கு வேண்டுவதனை முன்னரே நிரப்பி உடன்சுமந்து செல்லவேண்டும். அதற்கெனவே பாட்டரி அமைந்துள்ளது. 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனிப் பாட்டரியே இவ்வண்டிகளைப் பெருவழக்கிற் கொணர்ந்தது. அதனை உருவாக்கிய அறிஞர் மூவர்க்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சோழநாட்டார்க்கு இதனை ஓர் உவமையால் விளக்குதல் எளிது. மின்சாரம் நெல்லைப் போல்வது. பாட்டரி குதிரைப் போல்வது. நெல்லின் விலை வேறு, குதிரின் விலை வேறு. கிலோமீட்டருக்குக் கால் ரூபாய் என்பார் நெல்லின் விலையை மட்டுமே கூறுகின்றனர். அன்றியும், இக்குதிர் நிரப்புந்தொறும் ஒழிக்குந்தொறும் சிறிது சிறிதாகத் தேய்வது. ஒன்றும் செய்யாது வைத்திருப்பினும் ஆண்டு செல்லச் செல்லக் கொள்ளளவு குறைவது. ஆதலின் குதிரின் தேய்வைக் கணக்கிற் சேர்க்காதவர் பாதிக் கணக்கே போட்டவராவர்.

செலவின் வகைகள்

வண்டியொன்றை உடைமையாகக் கொள்வதில் உள்ள செலவு ஐவகைப்படும். முதலாவது தேய்மானம், அஃதாவது வாங்கிய விலையினின்று பின்னர் விற்கும் விலையைக் கழித்த எச்சம். இரண்டாவது, முடங்கிய பணத்துக்கு வட்டி. கடன் வாங்காது கைப்பணம் கொடுத்தார்க்கும் இவ்வட்டி உண்டு. அப்பணம் வேறிடத்திற் கிடந்திருப்பின் ஈட்டியிருக்கும் ஆதலின் என்க. மூன்றாவது, ஓடுதற்குரிய எரிபொருள் அல்லது மின்சாரம். நான்காவது, பழுதுபார்த்தலும் காப்பீடும். ஐந்தாவது, மின்வண்டிக்கே உரிய பாட்டரி மாற்றம்.

இவற்றை எண்ணிட்டுக் காண்பாம். கீழே யாம் கொண்டவை கணக்கின்பொருட்டு வைத்த எண்கள். படிப்போர் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்க்க. பெட்ரோல் ஸ்கூட்டரின் விலை 95,000 ரூபாய், ஆறாண்டு கழித்து விற்றால் 30,000 ரூபாய் எனக் கொள்வாம். மின் ஸ்கூட்டரின் விலை 1,25,000. ஆறாண்டு கழித்து விற்றால் 15,000. பழைய பாட்டரியை நம்பி வாங்குவார் சிலரே ஆதலின் இது குறைவாயிற்று. தேய்மானம் முறையே 65,000, 1,10,000, வேற்றுமை 45,000. கூடுதலாக இட்ட 30,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் ஆறாண்டு வட்டி 18,000. இவ்விரண்டும் கூடி 63,000 ரூபாய் மின்வண்டிக்கு மிகுசெலவு. மின்வண்டியில் எஞ்சின் எண்ணெய் மாற்றுதல் முதலியன இல்லை. ஆதலின் பழுதுபார்ப்பில் ஆண்டுக்கு 1,500 ரூபாய் மிச்சம் எனின், ஆறாண்டில் 9,000. அதனைக் கழிக்க, மிகுசெலவு 54,000 ஆகும். காப்பீடு இரண்டற்கும் ஏறத்தாழ ஒத்ததாகக் கொண்டு விடுத்தோம்.

இனி ஓட்டச் செலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் எனின், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 22 காசு. மூன்று யூனிட் கொள்ளும் பாட்டரியை நிரப்ப, ஏற்றும்பொழுது வெப்பமாகக் கழிவது உட்பட ஏறக்குறைய 3.4 யூனிட் வேண்டும். அது 85 கிலோமீட்டர் ஓட்டும். யூனிட் 6 ரூபாய் எனின், கிலோமீட்டருக்கு 24 காசு. எனவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 ரூபாய் 98 காசு மிச்சம். கால் ரூபாய் என்று எம் தமையனார் கேட்டது பொய்யன்று. அதுவே முழுதும் அன்று என்பதே பிழை.

மிகுசெலவாகிய 54,000 ரூபாயை 1 ரூபாய் 98 காசால் வகுக்க, ஏறக்குறைய 27,270 கிலோமீட்டர் வரும். ஆண்டுக்கு 300 நாளாக ஆறாண்டுக்கு 1,800 நாள். ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஓட்டுவார்க்கு இரு வண்டியும் ஒன்றே, அதற்கு மேற்பட்டார்க்கு மின்வண்டி ஊதியம், கீழ்ப்பட்டார்க்கு இழப்பு. இடையில் 60,000 ரூபாய் கொடுத்துப் பாட்டரி மாற்ற நேரின், இவ்வெல்லை நாளொன்றுக்கு 32 கிலோமீட்டராக உயரும். ஆதலின் பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உறுதிமொழி, எத்தனை கிலோமீட்டர் வரையில், அதற்குத் தனிப்பணம் உண்டோ என்பவற்றை விலையைக் கேட்குமுன்னரே கேட்டல் வேண்டும்.

பாற்காரப் பெரியவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் செல்வார். இக்கணக்கின்படி ஆறாண்டில் அவர் ஓட்டம் 72,000 கிலோமீட்டர். பாட்டரி மாற்றாவிடின் அவர்க்கு மிச்சம் 88,560 ரூபாய், மாற்றினும் 28,560 ரூபாய். அவர்தம் முகமலர்ச்சியின் காரணம் இதுவே. இதனை யாம் அவரிடம் கூறியபொழுது, “வண்டி நிக்கிற நாளுதான் தம்பி நட்டம்” என்றார். எம் ஒருவாரக் கணக்கு அவர் ஒரு சொல்லில் அடங்கிற்று.

சோழநாட்டிற்குரிய சில குறிப்புகள்

மின்கட்டணத்தைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்குதல் 2016இல் தொடங்கிற்று. அதனைக் கொண்டு வண்டிக்கு மின்சாரம் இலவசம் என்பார் உளர். வீட்டு விளக்கும் விசிறியும் நீரேற்றியும் அந்த 100 யூனிட்டை முன்னரே உண்டுவிடுமாயின், வண்டிக்கு ஏற்றுவது மேற்படியின் விலைக்கே கணக்காகும். நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இரு மாதத்தில் 80 யூனிட் வேண்டும். அந்த 80 யூனிட் வீட்டின் மொத்தத்தை அடுத்த படிக்கு ஏற்றுமோ என்று பழைய கட்டண அட்டையை நோக்கியறிக. வயலிலுள்ள பம்புசெட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்பாரும் உளர். அவ்விலவச மின்சாரம் பயிருக்கென அளிக்கப்பட்டது, வண்டிக்கன்று.

அரசின் உதவித்தொகையும் நிலையானதன்று. 2019 ஏப்ரலில் தொடங்கிய பேம் இரண்டாம் திட்டத்தில், மின் இருசக்கர வண்டிக்குப் பாட்டரியின் யூனிட் ஒன்றுக்கு 10,000 ரூபாயாக இருந்த உதவி, 2021 ஜூனில் 15,000 ஆக உயர்ந்து, 2023 ஜூனில் மீண்டும் 10,000 ஆகக் குறைந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் 5,000 ரூபாயிலேயே தொடங்கிற்று. மற்றொருபுறம், சிறிய பெட்ரோல் இருசக்கர வண்டிகளின் ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 28இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆதலின் அயலார் இரண்டாண்டிற்கு முன் போட்ட கணக்கு இன்றைக்கு உதவாது.

நிலத்தின் இயல்பும் எண்ணத்தக்கது. கோடையில் வெயிலில் நிறுத்திய வண்டியின் பாட்டரி விரைந்து முதுமையெய்தும். தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று அதன் வாழ்நாளை நீட்டும். ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் உடைந்து சாலையில் நீர் தேங்குங்கால், பாட்டரியின் பெட்டி நீர்புகாததாயினும், இணைப்புக் கம்பிகள் அங்ஙனம் இருத்தல் அரிது. நாகைக் கடற்கரையில் உப்புக்காற்றும் அவற்றை அரிக்கும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறியபொழுது, மின்கம்பங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளிற் கிடந்தன. அத்தகைய நாளில், மின்வண்டியையே நம்பியிருக்கும் குடும்பம் மருத்துவமனைக்குச் செல்லவும் வழியற்று நிற்கும். வீட்டில் இரு வண்டி உள்ளார் ஒன்றையேனும் பெட்ரோல் வண்டியாக வைத்திருத்தல் இந்நிலத்தார்க்கு அறிவுடைமை.

பணக்கணக்கில் எழுதவொண்ணாத பொருளும் உண்டு. புகையின்மையும் ஓசையின்மையும் மின்வண்டியின் வரவுகள். பெட்ரோலோ எங்கிருந்தோ வருவது என்று காவிரி நாட்டார் இருந்துவிட இயலாது. நரிமணத்தில் எண்ணெய்க் கிணறும் உண்டு, சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதும் இந்நிலம் பட்ட அச்சத்தாலேயே. ஆயினும் நம் மின்சாரத்திற் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துப் பெறுவது என்பதையும் மறத்தல் ஆகாது.

எம் இல்லத்துக் கணக்கு

இனி எம் தமையனார் பிழைத்த இடத்தைக் காண்பாம். மேலே ஒப்பிட்டவை இரண்டு புதிய வண்டிகள். அவர் விடுத்ததோ ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி. நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 2,400 கிலோமீட்டர். பழைய வண்டிக்கு ஆண்டில் 60 லிட்டர் பெட்ரோல் 6,000 ரூபாய், பழுதுபார்ப்பு 4,500 ரூபாய், ஆக 10,500. மின்வண்டிக்கு மின்சாரம் 576 ரூபாய், பழுதுபார்ப்பு 2,000 ரூபாய், ஆக 2,576. மிச்சம் 7,924 ரூபாய். சங்கிலி அடகின் வட்டியோ ஆண்டுக்கு 10,700 ரூபாய்! மிச்சமனைத்தையும் வட்டிக்கே கொடுத்தும் 2,776 ரூபாய் போதவில்லை. முதலிலோ ஒரு காசும் குறையவில்லை. இவ்வாறே சென்றால் அச்சங்கிலி எந்நாளும் மீளாது.

இக்கணக்கை ஒரு தாளில் எழுதித் தமையனாரிடம் காட்டினோம். நெடுநேரம் நோக்கியிருந்து, “முன்னமே போட்டிருக்கலாமேடா” என்றார். எமக்கு நாணமாயிற்று, வண்டி வாங்கிய அன்று அதில் ஏறி ஊரைச் சுற்றிவந்து மகிழ்ந்தவர்களுள் யாமும் ஒருவரே.

விற்றுவிடலாமா என்று முதலிற் பேசினோம். ஓராண்டு ஓடிய மின்வண்டிக்குச் சொன்ன விலை மனத்தைச் சுட்டது. அப்பொழுதுதான் ஒன்று எம் கருத்திற் பட்டது. எம் தந்தையார் நாள்தோறும் 30 கிலோமீட்டர் பெட்ரோல் வண்டியிற் பள்ளிக்குச் சென்றுவருகின்றார். புதிய வண்டி இளையவர்க்கு, பழையது மூத்தவர்க்கு என்னும் வழக்கத்தால், நெடுந்தொலைவு செல்பவர் பெட்ரோலிலும் அருகிற் செல்பவர் மின்சாரத்திலும் ஓடிக்கொண்டிருந்தனர். இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டனர். ஆண்டில் 6,600 கிலோமீட்டர் பெட்ரோலினின்று மின்சாரத்திற்கு மாறிற்று. அதனாற் பெறும் மிச்சம் ஏறத்தாழ 13,000 ரூபாய். முன்னைய மிச்சத்தோடு கூட்டி வட்டியைக் கழிக்க, ஆண்டுக்குப் பதினாயிரம் ரூபாயளவு முதலிற் கழியும். சங்கிலி நாளையே மீளாது. ஆயினும் மீளும் வழியில் வந்துவிட்டது. இதற்குச் செலவானது ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதுமே.

நண்பர்களே! மின்வண்டி நன்றோ தீதோ என்று வினவுதல் பொருளற்றது. எத்துணைத் தொலைவு செல்வோம், எவர் பணத்திற் செல்வோம், எதனை விடுத்து எதனைக் கொள்வோம் என்று வினவுதலே முறை. விலைச்சீட்டிற் காண்பது விற்பவன் போட்ட கணக்கு. வாங்குவோன் கணக்கை வாங்குவோனே போடுதல் வேண்டும். கடைக்குச் செல்லுமுன் அதனைப் போட்டுப் பார்ப்பார் இல்லங்களில், பெட்டியிலுள்ள நகை பெட்டியிலேயே இருக்கும்.