மயக்க மருந்தும் நம் பிள்ளைகளும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூரிலே நம்மவர் வீடுகளில் கத்னாப் பேச்சு தொடங்கிவிடும். பெரும்பாலான பையன்களுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும். ஆயினும் மிகச் சிறியவர்களுக்கும், குடலிறக்கம் முதலியவற்றுக்காக ரண சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கும் முழு மயக்கம் கொடுக்க நேரிடும். ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இதற்கென்றே பயின்ற டாக்டர்கள் இருக்கின்றனர். அவர்கள் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பிள்ளை கடைசியாக எப்பொழுது, என்ன சாப்பிட்டான்?"

காரணம் யாதெனில், விழித்திருக்கையில் வயிற்றிலுள்ளது மேலே வந்தால் இருமித் துப்பிவிடுகிறோம். மயக்கத்தில் அந்தக் காவல் உறங்கிவிடும். உணவும் புளித்த நீரும் மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். பிரசவத்தில் மயக்கம் பெற்ற தாய்மாருக்கு இவ்வாறு நேர்ந்ததை நியூயார்க் டாக்டர் மெண்டல்சன் 1946-இல் விவரித்து எழுதினார்.

ஆகவே சோறு, பலகாரம், புட்டிப்பால் ஆகியவற்றை 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொது வழக்கம். தே தாரிக்கும் மைலோவும் பானந்தானே என்று எண்ணிவிடலாகாது. பால் கலந்தபடியால் அவையும் ஆகாரமே. அதற்காக ரமலான் நோன்பைப்போல் தண்ணீரையும் விலக்க வேண்டியதில்லை. 2 மணி நேரத்துக்கு முன்பு வரை வெறுந் தண்ணீர் கொடுக்கலாம். உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதன்படியே நடக்க வேண்டும்.

பிள்ளை அழுகிறானே என்று உம்மம்மா மறைவாக ஒரு பிஸ்கோத்து கொடுத்துவிடுவதுண்டு. கொடுத்தாயிற்றென்றால் சொல்லிவிடுங்கள். நேரத்தைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவே. விருந்துக்கு அழைத்தாயிற்றே என்று மறைப்பது பெரும் பிழை. சளி, காய்ச்சல், இளைப்பு, ஆடும் பல் எதுவாயினும் சொல்லத்தான் வேண்டும். ஆடும் பல் மயக்கத்தில் கழன்று மூச்சுக் குழலுக்குள் போய்விடக்கூடும்.

மயக்கம் தெளிகையில் சில பிள்ளைகள் தாயையும் அடையாளம் காணாமல் கத்துவார்கள். அஞ்ச வேண்டாம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். முதலில் சிறிது தண்ணீர், அது தங்கினால் கஞ்சி. வலிக்குப் பிள்ளையின் எடைக்கேற்ப டாக்டர் குறித்த பாரசிட்டமால் மட்டுமே. வீட்டிலிருக்கும் ஆஸ்பிரின் கூடாது. முதுகின் கீழ்ப்புறம் ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் தள்ளாடும், ஓட விடாதீர்கள். குளுவாங், பத்து பகாட் என்று தொலைவு திரும்புவோர், வண்டி ஓட்டுபவரைத் தவிர இன்னொருவரையும் அழைத்துச் செல்லுங்கள். தூங்கும் பிள்ளையின் தலை முன்னே கவிழ்ந்து மூச்சு அடைபடாதபடி அவர் அருகிருந்து பார்த்துக்கொள்வார்.