தாளின் ஓரம்

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் தமிழகத்தின் எல்லையில் அமைந்த ஊர் ஜூஜுவாடி. அதனை அடுத்துக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி தொடங்கிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையைச் சார்ந்த இப்பகுதியில் சரக்கு வண்டி புறப்படுமுன் விலைப்பட்டியலும் இ-வே பில்லும் அச்சிடுவது வழக்கம். அச்சான விலைப்பட்டியலில் சில வேளைகளில் வலப்பக்கக் கடைசிக் கட்டம் காணாமற்போகும். அக்கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் தொகை!

உடனே பலர் அச்சுப்பொறியைக் குறை கூறுவர். சிலர் மென்பொருளில் ஓரத்தின் அளவை மனம்போனபடி மாற்றுவர். இரண்டும் வீண் முயற்சியே. முதலில் பார்க்கவேண்டியது தாளின் அளவு. நம் நாட்டில் புழங்கும் ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது, 1922இல் ஜெர்மனி வகுத்த தர அளவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வழங்கும் ‘லெட்டர்’ தாளோ 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. உயரமும் கொண்டது. மென்பொருள் லெட்டர் அளவில் பக்கத்தை அமைக்க, தட்டில் ஏ4 தாள் இருப்பின், 6 மி.மீ. அகலத்துக்கு இடமில்லை, வலப்பக்கம் வெட்டுப்படலாம். கீழே 18 மி.மீ. வெறுமனே கிடக்கும். ஆகவே மென்பொருள், அச்சுப்பொறியின் அமைப்பு, தாள் தட்டு ஆகிய மூன்றிடத்தும் ஒரே அளவு இருத்தல் வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் எழுத்து வெட்டுப்படுமாயின், ஓரம் மிகக் குறுகியது எனக் கொள்ளலாம். தாளை உருளைகள் பற்றி இழுக்கும் அச்சுப்பொறிகள் பலவற்றால் விளிம்புவரை அச்சிட இயலாது. நாற்புறமும் ஏறத்தாழ 4 மி.மீ. வெற்றிடம் வேண்டும். ஓலைச்சுவடியில் எழுதியோரும் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுதாமல் இடம் விட்டனர். கருவியின் இயல்பறிந்து இடம் விடும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

‘பக்கத்துக்குப் பொருத்துக’ என்னும் கட்டளை இவ்விடர்களை எல்லாம் எளிதில் மறைத்துவிடும். விலைப்பட்டியலுக்கு அது தீங்கற்றது. எழுத்துச் சற்றுச் சிறுக்கும், அவ்வளவே. தொழிற்கூட வரைபடத்துக்கு அது பெருங்கேடு. ஏ4 பக்கத்தை லெட்டர் உயரத்துக்குள் அடக்கினால், அது ஏறத்தாழ 94 விழுக்காடாகச் சுருங்கும். இரு துளைகளுக்கிடையே 100 மி.மீ. என எழுதிய எண் மாறாது. தாளில் உள்ள இடைவெளி மட்டும் 94 மி.மீ. ஆகிவிடும். அத்தாளை உலோகத் தகட்டின்மேல் ஒட்டித் துளையிடுபவரின் கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. தகடு வீணான பின்னரே பிழை தெரியவரும்.

எனவே வரைபடம் அச்சிடும்போது ‘உண்மை அளவு’ அல்லது 100 விழுக்காடு என்பதையே தெரிவு செய்க. வரைபடத்தின் அடியில் 100 மி.மீ. நீளமுள்ள கோடு ஒன்றையும் மேலிருந்து கீழாக அதே நீளத்தில் மற்றொன்றையும் வரைந்து வைக்கலாம். அச்சானதும் எஃகு அளவுகோலால் அவ்விரண்டையும் அளந்து பார்த்த பின்னரே தாளைத் தொழிற்கூடத்துக்குள் அனுப்புதல் நன்று.