டவர் போனால் ஜிபிஎஸ் போகாது

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை எந்தக் குப்பத்தில் நின்று பேசினாலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருப்பதில்லை: “ஜிபிஎஸ் எல்லாம் கரையிலதான் சார். டவர் போச்சுன்னா அதுவும் போயிடும்.” புது போன் வாங்கிய இளைஞர் சொல்கிறார், அதை விற்ற கடைக்காரர் சொல்கிறார், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். இது முழுத் தவறு. கடலுக்குப் போகிறவரிடம் இருக்கும் நல்ல கருவியை, அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் அணைத்து பாலிதீன் பைக்குள் வைக்கச் சொல்கிற தவறு. நில அளவையும் வரைபடமும் என் தொழில். இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் போன் அதைக் கேட்கிறது; நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கிடைத்தால் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுவிடுகிறது. ரேடியோவில் பாட்டுக் கேட்க நிலையத்துக்கு போன் போட்டா கேட்கிறோம்? அப்படித்தான் இதுவும். சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், டேட்டா வேண்டாம். இன்றைய போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. நம் இஸ்ரோவின் நாவிக்கைக் கேட்கும் போன்களும் உண்டு. வானத்தைக் கட்டடமோ மரமோ மறைக்காத நடுக்கடலைவிட ஜிபிஎஸ்ஸுக்குத் தோதான இடம் கிடையாது. அங்கே சாதாரண போன்கூட ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும்.

நம்பாதவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஃபைபர் படகுகளில் பல வருடமாகக் கையடக்க ஜிபிஎஸ் கருவி வைத்துத் தொழில் செய்கிறீர்களே, அதில் சிம் எங்கே இருக்கிறது? அதற்கு யார் ரீசார்ஜ் செய்கிறார்கள்? அந்தக் கருவி கேட்கும் அதே செயற்கைக்கோளைத்தான் போனும் கேட்கிறது.

பின் ஏன் இந்தப் பேச்சு சாகவில்லை? இரண்டு காரணம். முதலாவது, வரைபடத்தையும் ஜிபிஎஸ்ஸையும் ஒன்றாக நினைப்பது. கூகுள் மேப்ஸ் படத்தை இணையத்திலிருந்து இறக்கிக் காட்டுகிறது. டவர் போனதும் படம் வராது. நீலப் புள்ளி மட்டும் வெறும் திரையில் நிற்கும். படம் வரவில்லை என்பதை இடம் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். புள்ளி அங்கேயே நிற்கிறதே, அதைப் பார்க்க வேண்டாமா?

இரண்டாவது காரணம் அவசரம். கரையில் இருக்கும்போது எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை போன் இணையத்திலிருந்து வாங்கிக்கொள்வதால் சில நொடியில் புள்ளி வந்துவிடுகிறது. டவர் இல்லாத இடத்தில் அந்த விவரம் செயற்கைக்கோளிடமிருந்தே வர வேண்டும். அது நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில்தான் வரும். ஒரு செயற்கைக்கோளின் விவரம் முழுதாக வரவே சுமார் 30 நொடி பிடிக்கும். அணைத்து வைத்த போனுக்குச் சில நிமிடம்கூட ஆகலாம். பத்து நொடி பார்த்துவிட்டு “வேலை செய்யல” என்று பையில் போட்டால் அது போனின் குற்றமா?

சோதித்துப் பார்க்கக் கடலுக்குக்கூடப் போக வேண்டாம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் நின்று, ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு நடந்து பாருங்கள். முன்பே படத்தை இறக்கி வைத்திருந்தால் புள்ளி உங்களோடு சேர்ந்து நடப்பது தெரியும்.

புது போன் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை இவை. கூகுள் மேப்ஸில் உங்கள் சுயவிவரப் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் வரைபடப் பகுதிக்குப் போய், கோவளம் தொடங்கி மரக்காணம் வரையிலான கரையை இறக்கிக்கொள்ளுங்கள். படகைத் தள்ளுவதற்கு முன்பே லொகேஷனைப் போட்டு, புள்ளி வந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் கரையையும் வலை போட்ட இடத்தையும் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். டவர் முழுக்க விட்டுப்போன தூரத்தில் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். கிடைக்காத டவரைத் தேடித் தேடியே போன் பேட்டரியைத் தின்றுவிடும். கரையை நெருங்கியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழைக்க டவர் வேண்டும்.

இனி சொல்வதை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். படகிலுள்ள கருவி பெரும்பாலும் டிகிரி, நிமிடக் கணக்கில் காட்டும். போன் பெரும்பாலும் தசமத்தில் காட்டும். மாமல்லபுரம் ஏறக்குறைய 12 டிகிரி 37 நிமிடம் வட அட்சரேகையில் இருக்கிறது. இதைப் போனில் 12.37 என்று அடிக்கிறார்கள். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 12.6167. இந்த ஒரு பிழையில் நீங்கள் தேடும் இடம் சுமார் 27 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 15 கடல் மைல், தெற்கே தள்ளிப் போய்விடும். மாமல்லபுரம் என்று நினைத்துக் கல்பாக்கத்தையும் தாண்டிப் போவீர்கள். இப்படி ஏமாந்தவர்தான் மறுநாள் “போன் ஜிபிஎஸ் பொய் சொல்லுது” என்கிறார்.

டவரோடு உண்மையிலேயே போவது எது என்றும் சொல்லிவிடுகிறேன்: அழைப்பு, வாட்ஸ்அப், புதிய வானிலைச் செய்தி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகவே உருவாக்கிய ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி தமிழிலேயே இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் தரும் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி எல்லாம் அதில் வரும். அதைக் கரையில் இருக்கும்போதே திறந்து அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். போனில் ஜிபிஎஸ் இருக்கிறது என்பதற்காக விஎச்எஃப் ரேடியோவையும் லைஃப் ஜாக்கெட்டையும் கரையில் விட்டுப் போகாதீர்கள். கூகுள் மேப்ஸ் கடலின் ஆழத்தையும் பாறையையும் காட்டாது.

போனைப் பற்றிய மற்ற தவறான நம்பிக்கைகளைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

நம்பிக்கை: புது போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் போட வேண்டும்.
உண்மை: அது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம். லித்தியம் பேட்டரிக்கு அது தேவையே இல்லை. எடுத்ததும் பயன்படுத்தலாம். வெயிலில் சூடாக விடாதீர்கள், அது போதும்.

நம்பிக்கை: செயலிகளை அடிக்கடி தள்ளி மூடினால் பேட்டரி மிச்சம்.
உண்மை: மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் மின்சாரம் போகும். சில போன்களில் இப்படி மூடினால் வானிலை எச்சரிக்கையும் வராமல் போகும். வானிலைச் செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

நம்பிக்கை: கடலில் நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் சரியாகிவிடும்.
உண்மை: அரிசி உப்பை எடுக்காது. உள்ளே போன உப்புநீர், மின்சாரம் ஓடும்போது உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்கிறது. உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். தண்ணீர் தாங்கும் போன் என்றால் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். தண்ணீர் தாங்கும் என்று போனில் போடும் ஐபி68 என்பதும் நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுத்த தரம்தான்.

நம்பிக்கை: திடீரென்று போன் அலறி எச்சரிக்கை வந்தால் யாரோ ஹேக் செய்கிறார்கள்.
உண்மை: 2023-இல் அரசு நாடு முழுக்கச் சோதித்த பேரிடர் எச்சரிக்கை அது. எச்சரிக்கை தரப்படும் பகுதியின் டவரில் இருக்கும் போன்களுக்கு ஒரே நேரத்தில் போகும். உங்கள் நம்பரை யாரும் எடுக்கவில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு இந்த எச்சரிக்கையை அணைத்து வைப்பவரை என்னவென்று சொல்வது?

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை போனில் நிறுவும் கோப்பை மட்டும், வானிலைச் செயலி என்று சொன்னாலும் திருமணப் பத்திரிகை என்று சொன்னாலும், தொடவே தொடாதீர்கள். அதைத் தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, நான் பல மேடைகளில் கேட்டதை இங்கேயும் கேட்கிறேன். நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையடியில் அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அது பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் இந்த மண்ணில் படிக்கும் பிள்ளைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை என்பவை தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் கோடுகளாகவே இருக்கின்றன. அப்பாவின் போனில் தெரியும் எண்ணும் பாடப்புத்தகத்துக் கோடும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கடலோரப் பள்ளி ஆசிரியர்களே, ஒரு பீரியடைக் கடற்கரையில் நடத்துங்கள். போனில் வரும் எண்ணை எழுதச் சொல்லுங்கள், நிமிடமாக மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கும். மீன்வளத் துறையும் மீன் இறங்குதளங்களிலேயே இந்தப் பயிற்சியை நடத்தட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குத் தொழிலுக்குப் போகிறவர் இன்று இரவே வரைபடத்தை இறக்கி வையுங்கள்.