பழைய விமான மாதிரியைத் திருத்துதல்

சிறுவர் விளையாட்டென எண்ணப்படும் தொழில்களுட் சில, ஊன்றிச் செய்வார்க்குக் கணிதமும் பௌதிகமும் சரித்திரமும் ஒருங்கே கற்பிக்கும் பள்ளிகளாக அமைகின்றன. பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டி விமானத்தின் சிறு மாதிரியைச் சமைத்தல் அவற்றுள் ஒன்று. பெட்டியில் வந்த உறுப்புகளை வந்தவாறே ஒட்டி முடித்தல் எளிது. அவற்றின் குறைகளை ஆராய்ந்தறிந்து, வேண்டும் உறுப்புகளை வெறுந் தகட்டினின்றும் கம்பியினின்றும் கையாற் செய்து சேர்த்து, மாதிரியை மெய்யான விமானத்திற்கு அணித்தாகக் கொணர்தல் அரிது. அவ்வரிய வழியை, யாம் அண்மையிற் செய்து முடித்த ஒரு மாதிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு விளக்க முயல்வாம்.

எம் சிறிய தந்தையார் தம் இளமையில் ஒரு மாதிரிப் பெட்டியை வாங்கினார். தொழிலும் குடும்பமும் குறுக்கிட, அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பரண்மேற் கிடந்தது. கண்ணொளி குறைந்து விரல் நடுங்கத் தொடங்கிய பின்னர், அவர் அதனை எம்மிடம் தந்து, “இதனை விமானம்போல் ஆக்கித் தா” என்றார். அவ்வகைப் பெட்டி இப்போது கடைகளிற் கிடைப்பதன்று. ஓர் உறுப்புக் கெட்டால் மாற்றுறுப்பு இல்லை. ஆதலின், அச்சத்தோடும் ஆவலோடும் இவ்வேலையில் இறங்கினேம்.

விமானமும் அளவும்

பெட்டியில் இருந்தது ‘டைகர் மாத்’ என்னும் இரட்டைச் சிறகு விமானத்தின் மாதிரி. இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் சமைத்த இவ்விமானம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் முதன்முதற் பறந்தது. 8,000-க்கு மேற்பட்டவை பல நாடுகளிற் செய்யப்பெற்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானம் ஓட்டக் கற்றோர் பல்லாயிரவர்க்கு இதுவே முதல் ஊர்தி. இந்தியாவிலும் விமானிகள் பலர் இதிலேயே பயின்றனர். உடல் எஃகுக் குழாய்களாலும் சிறகு மரத்தாலும் ஆகி, அவற்றின்மேல் துணி போர்த்தப்பெற்றிருக்கும். ஆசிரியர் முன்னறையிலும் மாணவர் பின்னறையிலும் அமர்வர். ஆசிரியர் ஆபத்துக் காலத்தில் தடையின்றி வெளியேறுதற்பொருட்டு, மேற்சிறகு முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் ஏற்பட்ட நிறைமாறுபாட்டைச் சரிசெய்யச் சிறகுகள் சற்றே பின்சாய்வாக அமைக்கப்பட்டன. இவ்வாறு ஒவ்வொரு வடிவிற்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை உணர்ந்தவன் கை எளிதிற் பிழைசெய்யாது.

எம் மாதிரி மெய்விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகள் இவ்வளவில் 1936-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ‘ஃபிராக் பெங்குவின்’ என்னும் பெயரால் வெளிவந்தன. இவ்வளவில் ஆறடி ஓர் அங்குலமாகும். ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலப் பாவையாவான். டைகர் மாத்தின் சிறககலம் 29 அடி 4 அங்குலம். ஆகவே மாதிரியிற் சிறகு 5 அங்குலத்திற்குச் சற்றே குறையும். உடலின் நீளம் 23 அடி 11 அங்குலம். மாதிரியில் அது ஏறத்தாழ 4 அங்குலம்.

குறை காணுதல்

திருத்துவோன் முதலிற் செய்யத்தக்கது அளத்தலே. யாம் எம் மாதிரியின் சிறகுப் பின்விளிம்பை அளந்தபோது அதன் கனம் ஒரு மில்லிமீட்டர் இருந்தது. இதனை 72-ஆற் பெருக்கினால் 72 மில்லிமீட்டர், அஃதாவது ஏறக்குறைய 3 அங்குலம் ஆகும். துணி போர்த்த மெல்லிய சிறகின் விளிம்பு மூன்றங்குலப் பலகைபோல் இருத்தல் பொருந்துமோ? அவ்வாறே, விமானியறையின் சுவர் கோட்டைமதில்போற் பருத்திருந்தது. உள்ளே இருக்கைக்கு ஈடாக ஒரு திண்ணை மாத்திரமே காணப்பட்டது. சிறகின்மேற் காட்டிய துணியின் தொய்வோ பாத்தி வெட்டிய வயலை ஒத்திருந்தது. மெய்விமானத்தில் ‘டோப்’ என்னும் பூச்சினால் துணி முரசின் தோல்போல் இறுகி நிற்கும். விலாச்சட்டங்களுக்கிடையே தாழ்வு மிகச் சிறிதே.

இவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் எதிரே, ‘திருத்தலாம்’, ‘புதிதாகச் செய்க’, ‘விட்டுவிடுக’ என மூவகையாகக் குறித்துக்கொண்டேம். மூன்றாவது வகையும் இன்றியமையாதது. எம் மாதிரியின் மூக்கு அரை மில்லிமீட்டர் குறுகியிருந்தது. அதனை வெட்டி நீட்டப் புகின், கிடைத்தற்கரிய உடற்பகுதியே பிளவுறக்கூடும். ஆதலின் அக்குறையை அறிந்தே விட்டேம்.

பொருள்களும் கருவிகளும்

வேண்டுவன சிலவே: கூரிய கத்தி, நுண்ணிய அரம், உப்புத்தாள், இடுக்கி, ஊசி, சிறு துளைக்கருவி, மெழுகுவத்தி. உறுப்பு செய்தற்கு வெண்மையான பாலிஸ்டைரீன் தகடு சிறந்தது. அது 0.13, 0.25, 0.5, 1 மில்லிமீட்டர் முதலிய கனங்களிற் கிடைக்கும். ஒட்டுதற்குரிய நீர்மம் சாதாரணப் பசையன்று. அஃது இரு பரப்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக்கி, தான் ஆவியாகிவிடும். ஆகவே தூரிகையின் நுனியால் தொட்டளவே வைத்தல் வேண்டும்; மிகுந்தால் உறுப்பே உருகும். அதன் ஆவி தீங்குடையது, எளிதிற் பற்றிக்கொள்ளும். சாளரத்தைத் திறந்து வைத்தும், மெழுகுவத்தியை அருகில் வையாமலும் வேலை செய்க.

உள்ளறை சமைத்தல்

முதற்கண் அறைச் சுவரை உட்புறமாகக் கத்தியாற் சுரண்டினேம். விளக்கெதிரே பிடித்தபோது ஒளி ஊடுருவுமளவும் சுரண்டி நிறுத்தினேம். பின்னர், பெட்டியுறுப்புகளைத் தாங்கி நின்ற ‘ஸ்ப்ரூ’ என்னும் பிளாஸ்டிக் கொடியின் ஒரு துண்டை எடுத்து, சுடருக்குச் சற்று மேலே பிடித்து உருட்டினேம். பாலிஸ்டைரீன் 100 பாகை சென்டிகிரேடு அளவில் இளகத் தொடங்கும். அது மினுமினுத்துத் தொய்யும் தறுவாயிற் சுடரைவிட்டு அகற்றி, இரு புறமும் இழுத்தல் வேண்டும். மெல்ல இழுத்தாற் கோல் வரும். விரைந்து இழுத்தால் மயிரிழை வரும். குளிருமளவும் கையைத் தளர்த்தலாகாது. ஓரங்குலக் குழாய் இவ்வளவில் 0.35 மில்லிமீட்டர் ஆதலின், அக்கனமுள்ள கோல்களைத் தெரிந்து, சுவரின் உட்புறத்தே எஃகுக் குழாய்ச் சட்டம்போல் ஒட்டினேம்.

இருக்கைகளை 0.25 மில்லிமீட்டர்த் தகட்டால் வளைத்துச் செய்தேம். இடைவார்களுக்கு மெல்லிய ஈயத்தாளின் கீற்றுகள் உதவின. காகிதம்போல் விறைத்து நில்லாமல், அவை துணிபோற் படிந்து கிடக்கும்.

கருவிப்பலகை இரண்டடுக்காகச் செய்யத்தக்கது. மூன்றங்குல முகமுள்ள கருவி மாதிரியில் ஒரு மில்லிமீட்டரே யாதலின், முன்தகட்டில் அவ்வளவான துளைகளை இட்டேம். பின்தகட்டிற்குக் கரிய வண்ணம் பூசி, உலர்ந்தபின் ஊசிமுனையாற் கீறினேம். கீறிய இடத்தில் அடியிலுள்ள வெண்மை தோன்றி முட்களாகவும் கோடுகளாகவும் விளங்கிற்று. இரண்டையும் பொருத்தி, ஒவ்வொரு துளையிலும் தெளிந்த வார்னிஷ் ஒரு துளி இட, அது கண்ணாடியாயிற்று.

சிறகும் எம் பிழையும்

சிறகின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துத் தொய்வைக் குறைத்தும், பின்விளிம்பைக் கீழ்ப்புறமாகத் தேய்த்து மெலிவித்தும் திருத்தினேம். இதுகாறும் வேலை செவ்வனே நடந்தது.

ஈண்டு எம் பிழையொன்றைக் கூறாதுவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. விமானத்தைப் பக்கஞ்சாய்க்கும் ‘அய்லெரான்’ என்னும் அசையும் மடல்களின் எல்லைக்கோடுகள் மங்கியிருந்தன. இரட்டைச் சிறகு விமானங்களிற் பல மேற்சிறகிலும் அம்மடல்களை உடையன. அதனை நினைந்து, படத்தை மீண்டும் நோக்காமல், நான்கு சிறகுகளிலும் கோடுகளை ஆழக் கீறிவிட்டேம். மறுநாட் படத்தைக் கண்டபோதே எம் அறியாமை விளங்கிற்று. டைகர் மாத்தில் அம்மடல்கள் கீழ்ச்சிறகில் மாத்திரமே உண்டு! மேற்சிறகின் முன்விளிம்பில் இருப்பது, வேகங் குறையுங்கால் தானே திறந்து காற்றொழுக்கைக் காக்கும் ‘ஸ்லாட்’ என்னும் வேறோர் உறுப்பு.

மனம் சோர்ந்து ஒரு வாரம் பெட்டியைத் திறவாதிருந்தேம். பிறகு, கீறலின் அகலத்திற்கேற்ற பிளாஸ்டிக் இழையை அதனுட் பதித்து, நீர்மத்தாற் கரைத்து ஒன்றாக்கி, இரண்டு நாள் உலரவிட்டுத் தேய்த்தேம். மக்கு வைத்து அடைப்பதினும் இம்முறை நன்று. சிறகும் இழையும் ஒரே பொருளாதலின் பின்னர்ச் சுருங்கிப் பள்ளம் விழுவதில்லை.

கம்பி கட்டுதல்

இரட்டைச் சிறகு விமானத்தில் கம்பிகள் அலங்காரமல்ல. பறக்குங்கால் சிறகு மேல்நோக்கி வளையாதவாறு, உடலின் அடியினின்று மேற்சிறகிற்குச் செல்லும் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். தரையில் நிற்குங்கால் சிறகின் பாரத்தை, நடுமேற்பகுதியினின்று கீழ்ச்சிறகிற்கு இறங்கும் கம்பிகள் தாங்கும். கம்பியும் தாங்குகோலும் சேர்ந்தே சிறகிற்கு உறுதி தருகின்றன. எம் பெட்டியில் ஒரு கம்பியேனும் தரப்படவில்லை.

7 மில்லிமீட்டர் அகலமுள்ள கம்பி இவ்வளவில் ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கே. அத்துணை நுண்ணிய இழையை முற்கூறியவாறே இழுத்தெடுத்து, கவராயத்தால் இடைவெளியை அளந்து, அளவாக நறுக்கி, இருமுனையும் சிறு துளி வெண்பசையால் ஒட்டினேம். தொய்ந்த இழைகளின் அருகே, தொடாமல், கனலும் ஊதுவத்தியைக் கொணர்ந்தேம். இழை தானே இறுகி நேராயிற்று. இதன் காரணம் பௌதிகம் பயில்வார் அறிதற்குரியது. இழுத்துக் குளிர்ந்தபோது நீண்டவாறே உறைந்துபோன மூலக்கூற்றுத் தொடர்கள், வெப்பம் பெற்றவுடன் சுருண்டு முன்னிலையை அடைய முயல்கின்றன. வெப்பம் சிறிது மிகினும் இழை அறும்; எமக்கு நான்கு அறுந்தன.

காற்றுத்தடுப்புக் கண்ணாடிகளைத் தெளிந்த தகட்டில் வெட்டி ஒட்டினேம். இறுதியிற் பயிற்சி விமானத்திற்குரிய மஞ்சள் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசினேம்.

முடிவுரை

முற்றுப்பெற்ற மாதிரியைச் சிறிய தந்தையாரிடம் கொடுத்தேம். அவர் சாளரத்தருகே சென்று, பூதக்கண்ணாடியால் அறையினுள் நெடுநேரம் நோக்கினார். இடைவாரைக் கண்டு நகைத்தார். பின்னர்ச் சிறகைச் சாய்த்து ஒளியிற் பிடித்து, “இங்கே ஒரு கோடு இருந்து மறைந்தாற்போல் தோன்றுகிறதே?” என வினவினார். யாம் நடந்ததைக் கூறினேம். “ஆயின், இனி நீ அதனை மறக்கமாட்டாய்” என்று சொல்லி, மாதிரியைத் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

இதே விமானத்தின் செம்மையான புதிய பெட்டிகள் இக்காலத்தில் வெளிவந்துள்ளன. பழையதில் இத்துணை உழைப்பு எற்றுக்கு என்பார் உளர். புதிய பெட்டியில் அறிவு முழுதும் அதனைச் செய்தோரிடத்தே நின்றுவிடும். பழையதைத் திருத்துங்கால், டைகர் மாத்தின் மடல் எங்குள்ளது, கம்பி எதனைத் தாங்குகிறது, துணி ஏன் இறுகுகிறது என்பவற்றை நாமே தேடி அறிய நேர்கின்றது. நண்பர்காள்! உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கலாம். அதனை இறக்குங்கள்; முதலில் அளவுகோலை எடுங்கள்; கத்தியை எடுக்குமுன் படத்தை இருமுறை பாருங்கள்.