'முந்தையதைப் போல இல்லை' என்று எழுதாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கல்லூரி இதழுக்காக நீ எழுதி அனுப்பிய விமர்சனத்தைப் படித்தேன். எம்ஜிஎம்டி இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடிவிட்டு, இரண்டாவது ஆல்பமான 'கங்கிராஜுலேஷன்ஸ்' பற்றி நான்கே வரியில் கணக்கை முடித்துவிட்டாய். ஏமாற்றம், துள்ளல் இல்லை, வாயில் நிற்கிற மாதிரி ஒரு பாட்டுகூட இல்லை, முந்தையதைப் போல இல்லை. ஒரு ஆல்பத்தின் மேல் இவ்வளவு கோபம் வருகிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உன் கோபம் எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஆல்பத்தைப் பற்றி எதுவும் தெரியவில்லை. விமர்சனம் என்று பெயர் போட்டால் பாட்டும் காதில் விழ வேண்டும்.

இந்த ஏமாற்றத்தில் நீ தனியாள் இல்லை. 2010 ஏப்ரலில் அந்த ஆல்பம் வெளியானபோது அமெரிக்க ரசிகர்களில் பலரும் இதையேதான் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எம்ஜிஎம்டியின் ஆண்ட்ரூ வான்விங்கார்டன், பென் கோல்ட்வாசர் இருவரும் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உன்னைப் போல மாணவர்களாக இருந்தவர்கள். பாட்டுக் கட்டியது பாதி விளையாட்டு, பாதி நக்கல். 'டைம் டு ப்ரிடெண்ட்' என்ன பாட்டு என்று நினைக்கிறாய்? நாம் ராக் ஸ்டார் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம், பணம் வரும், மாடல் அழகிகள் வருவார்கள், போதையில் அற்பாயுசில் போய்ச் சேருவோம் என்று அந்த வாழ்க்கையையே கிண்டலடிக்கிற பாட்டு. பிறகு கொலம்பியா நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. டேவ் ஃப்ரிட்மன் தயாரிப்பில் முதல் ஆல்பமான 'ஆரக்குலர் ஸ்பெக்டாக்குலர்' 2007 இறுதியில் இணையத்திலும் 2008 தொடக்கத்தில் கடைகளிலும் வந்தது. கிண்டலடித்த வாழ்க்கை பாதிக்கு மேல் பலித்துவிட்டது.

அந்த ஆல்பத்தின் 'கிட்ஸ்' பாட்டை எடுத்துக்கொள். நான்கு கார்டுகள் (chords) சுற்றிச் சுற்றி வருகின்றன. அதற்கு மேல் கீபோர்டில் ஒரு சின்னத் துணுக்கு. ஒரு தடவை கேட்டால் போதும், நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும். பிரான்சில் அப்போது அதிபராக இருந்த சர்க்கோசியின் கட்சி, 2009இல் அதை அனுமதி கேட்காமலே மாநாட்டில் போட்டது. விவகாரம் பெரிதானதும் நஷ்டஈடாக ஒரு யூரோ தருகிறோம் என்றார்கள். (கட்சிக்காரர்கள் எந்த ஊரிலும் கட்சிக்காரர்கள்தான்!) இசைக்குழு மறுத்து, பேசி, கூடுதலாக வாங்கி, அந்தப் பணத்தைக் கலைஞர்களின் உரிமைக்காக இயங்கும் அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு கிராமியில் சிறந்த புதுமுகத்துக்கான பட்டியலிலும் பெயர் வந்தது. அப்புறம் என்ன, எல்லோரும் இன்னொரு 'கிட்ஸ்' கேட்டார்கள்.

ஆனால் அவர்கள் இரண்டாவது ஆல்பத்துக்காகக் கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரைக்குப் போனார்கள். ஸ்பேஸ்மென் 3 குழுவைச் சேர்ந்த பீட் கெம்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அறுபதுகளின் சைக்கடெலிக் இசையையும் சர்ஃப் கிதாரையும் குழைத்து ஒன்பது பாட்டுச் செய்தார்கள். தனிப்பாட்டாகப் பிய்த்துக் கேட்காதீர்கள், ஆல்பமாக முழுதும் கேளுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அட்டைப் படத்தைக் கவனித்தாயா? சர்ஃப் பலகையில் ஒரு பூனை சறுக்குகிறது. அதன் பின்னால் அலையே இன்னொரு பூனையாகி, வாயைப் பிளந்துகொண்டு வருகிறது. புகழைப் பற்றிய ஆல்பத்துக்கு வேறு படம் தேவையில்லை.

இனி ஒரு வேலை செய். 'சம்வன்ஸ் மிஸ்ஸிங்' பாட்டைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேள். மொத்தமே இரண்டரை நிமிடம். முக்கால்வாசி நேரம் கீச்சுக் குரலில் ஒரு முனகல். 'இது தேறாது' என்று நீ அடுத்த பாட்டுக்குத் தாவப் பார்க்கிற நேரத்தில் டிரம்ஸ் விழுகிறது. பழைய மோட்டவுன் பாட்டுப் போல ஒரு பிரமாதமான மெட்டு பொங்கி வருகிறது. வந்த வேகத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது. வேறு யாராவது இருந்தால் அந்த மெட்டை முதல் நிமிடத்திலேயே கொண்டுவந்து நான்கு முறை சுற்றவிட்டிருப்பார்கள். இவர்களுக்கு அது தெரியாதா? 'கிட்ஸ்' செய்தவர்களுக்கா தெரியாது? கையில் வைத்துக்கொண்டே தர மறுக்கிறார்கள். 'மெட்டுப் போடும் திறமை போய்விட்டது' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி நிற்காது.

'சைபீரியன் பிரேக்ஸ்' பன்னிரண்டு நிமிடம். மெல்லிய கிதாரில் தொடங்கி, ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குள் நழுவிக்கொண்டே போய், கடைசியில் சிந்தசைசரில் கரைகிறது. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் உயிர் இதுதான். ஷஃபிளில் கேட்கிறவனுக்கு இது பிடிபடாது.

அதற்காக ஆல்பம் முழுவதையும் நான் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை. லேடி காகா பெயரைத் திரித்து 'லேடி டாடாஸ் நைட்மேர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வரிகள் கிடையாது, நடுவில் அலறல் மட்டும். தலைப்பில் இருக்கும் குறும்பு உள்ளே இல்லை. 'பிரையன் ஈனோ', 'சாங் ஃபார் டான் ட்ரேசி' இரண்டும் தங்கள் ஆதர்சங்களுக்கு வைத்த வணக்கம். அந்த இருவரையும் கேட்டிராதவனுக்குப் பாதி சங்கதி போய்ச் சேராது. பல இடங்களில் ஒலிகளை அடுக்கி அடுக்கிப் பாடகனின் குரலை உள்ளே புதைத்துவிட்டார்கள். இவையெல்லாம் குறைகள். இவற்றைக் கடுமையாகவே எழுதலாம், ஏனென்றால் இவர்கள் செய்ய நினைத்த காரியத்திலேயே இவர்கள் சறுக்கிய இடங்கள் இவை. நீ எதிர்பார்த்ததை அவர்கள் செய்யவே நினைக்கவில்லை என்பது வேறு விஷயம். அதைக் குறையாக எழுதினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதை தி ஸ்ட்ரோக்ஸ் குழுவுடையது. 2001இல் 'இஸ் திஸ் இட்' ஆல்பத்தால் நியூயார்க்கையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள், 2003இல் 'ரூம் ஆன் ஃபயர்' கொண்டுவந்தார்கள். அப்போது வந்த புகார் என்ன தெரியுமா? 'முந்தையதைப் போலவே இருக்கிறது.' மாறினாலும் குற்றம், மாறாவிட்டாலும் குற்றம் என்றால் இசைக்குழுக்காரன் எங்கே போவான்?

உன் விமர்சனத்தில் இன்னொரு குறை. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, தலைப்புப் பாட்டு, களைத்துப்போன குரலில் மெதுவாகப் போகும். அது முடிந்ததும் கைதட்டல் கேட்கும். அரங்கம் அதிர்கிற கைதட்டல் இல்லை; வேண்டா வெறுப்பாக நாலைந்து பேர் தட்டுகிற மாதிரி. 'இந்த ஆல்பத்துக்கு இதுதான் கிடைக்கும்' என்று அவர்களே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டார்கள். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிவரை கேட்டாயா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. ஆனால் 'கிட்ஸ்' போல ஊரெல்லாம் ஒலித்த பாட்டு எதுவும் அதிலிருந்து வரவில்லை. 2013இல் குழுவின் பெயரிலேயே வந்த மூன்றாவது ஆல்பம் இன்னும் கரடுமுரடு. 2018இல் 'லிட்டில் டார்க் ஏஜ்' வந்தது. நீ ரீல்ஸில் கேட்டுவிட்டு இவர்களைத் தேடிப் போனாயே, அதே பாட்டுதான் அதன் தலைப்புப் பாட்டு. இடையில் அந்த இரண்டு ஆல்பங்களைச் செய்திராவிட்டால் அந்த இருட்டான, நிதானமான பாட்டை இவர்கள் கண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதழாசிரியரிடம் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேள். ஒன்பது பாட்டும் சேர்ந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது; ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மனம் விட்டுப்போனது என்று குறித்துக்கொண்டு எழுது. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது. 'லேடி டாடா'வுக்காக நான் பரிந்துகொண்டு வரமாட்டேன்.

அன்புடன்,
உன் மாமா