கல் வைக்க முன்னம் சபைக்குப் போங்கோ

ஏ9 வீதிக்கரையில் காணி உள்ளவர்கள் வீட்டுக்குப் படம் கீறும்போது தங்கள் வேலியிலிருந்து அளக்கிறார்கள். அது பிழை. வீதியின் நடுக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். இதைக் கேட்டு நடந்திருந்தால், ஓமந்தையில் நாங்கள் போட்ட அத்திவாரத்தின் முன்பக்கத்தை நாங்களே ஆள் பிடித்து உடைக்க வேண்டி வந்திராது. நான் அப்போதே சொன்னேன். ஆனால் காசு அனுப்பியது நான் இல்லை, கனடாவில் இருக்கிற தம்பி. ஆகவே என் சொல் எடுபடவில்லை.

காணி 2016 இல் வாங்கியது. வவுனியாவுக்கு ஒதுக்கிய பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று வட மாகாணமும் கொழும்பும் இழுபட்ட ஆண்டு அது. முதலமைச்சர் விக்னேஸ்வரன் ஓமந்தை என்று நின்றார். கடைசியில் இரண்டிலும் இல்லாமல் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டிய பிறகும் அது ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அந்த இழுபறியின் நடுவில்தான் தம்பி, "சந்தை ஓமந்தைக்கு வருது அக்கா, றோட்டுக்கரையில ஒரு துண்டு எடுத்துவிடு" என்றான். உறுதிக் காணியாகத் தேடி எடுத்தேன். அது என் முடிவு, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. வன்னியில் ஏராளமான வளவுகள் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகள். அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. பெர்மிட்டில் தகப்பனின் பெயர் இருக்கும், தகப்பன் இருக்கமாட்டார், பின்னுரித்தாளர் யார் என்று பதிந்திருக்கமாட்டார்கள். அப்படியான காணியில் வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தைச் சரிசெய்யுங்கள். அது முடியாமல் பிரதேச சபையின் படிவத்தை நிரப்புவது வீண் வேலை.

இனி எங்களுக்கு ஆகக் கூடிய நட்டத்தைத் தந்த விசயம்.

2024 கோடையில் தம்பி கட்டுவோம் என்று தொடங்கினான். முன்னால் கடையறை, பின்னால் வீடு. வவுனியா ரவுணில் ஒரு படவரைஞரை அவனே போனில் பிடித்தான். அந்த மனிதர் ஓமந்தைப் பக்கம் வரவேயில்லை. நில அளவைப் படத்தின் பிரதியை வட்ஸ்அப்பில் வாங்கி, வேலிக் கோட்டிலிருந்து சில அடி தள்ளிக் கடையின் முன்சுவரைக் கீறி, காசையும் வாங்கிக்கொண்டார். "சபைக்குக் குடுத்து எழுத்தில அனுமதி வந்தபிறகு தொடங்குவம்" என்று நான் சொன்னதற்குத் தம்பி சொன்ன பதில் இது: "அக்கா, மாரி துவங்க முன்னம் அத்திவாரம் போட்டிடோணும். பிளான் பின்னால பாஸ் ஆகும். ஊரில ஆர் பிளான் பாஸ் பண்ணிக் கட்டினவை?"

அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எழும்பிய வீடுகள் பெரும்பாலும் திட்டத்தில் வந்தவை. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தார்கள். வரைபடம் அவர்களிடம் இருந்தது, உத்தியோகத்தர் வந்து பார்த்தார், காசு கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் விழுந்தது. சனத்துக்குச் சபையின் படிவம் கண்ணில் படவே இல்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து தறப்பாளுக்குள் கிடந்தவர்களிடம் அப்போது யாரும் கட்டட அனுமதி கேட்கவும் இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் நாங்கள் சொந்தக் காசில் கட்டுகிற வீட்டுக்கும் மேசனாரைக் கூப்பிட்ட பிறகு அனுமதியை யோசிக்கிறோம். அது திட்ட வீடு, உட்காணியில் நின்ற வீடு. இது தேசிய நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிற கடை. இரண்டுக்கும் ஒரே கணக்கு சரிவராது.

மேசனார் வந்தார், வெட்டினார், கருங்கல் இறக்கினோம், கொங்கிறீற் போட்டோம். அதன் பிறகு விண்ணப்பம் போனது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்க்க வந்தபோது முதலில் செய்த வேலை, நாடாவின் ஒரு தலைப்பை ஏ9 இன் நடுவில் உள்ள வெள்ளைக் கோட்டில் பிடிக்கச் சொன்னது. பஸ் ஒன்று போக விட்டு, கையைக் காட்டி லொறியை நிறுத்தி, மறு தலைப்பை எங்கள் வளவுக்குள் இழுத்துக்கொண்டு வந்தார். வேலியைத் தாண்டினார். கடையறைக்குப் போட்ட அத்திவாரத்தையும் முக்கால்வாசி தாண்டிப் போய்த்தான் நின்றார். கட்டட எல்லை அதுதான். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதிகளுக்கு இந்த எல்லை நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் கணக்கிடப்படுகிறது. வீதி நாளைக்கு அகலும். அகலும்போது கைவைக்க இடம் வேண்டும். உங்கள் உறுதியில் அந்த மண் உங்களுடையதாகவே இருக்கும், வேலியும் உங்களுடையது. ஆனால் எல்லைக்கு முன்னால் நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. இதைப் பிரதேச சபை நினைத்தாலும் தளர்த்த முடியாது, ஏனென்றால் அந்த வீதி பிரதேச சபையினுடையது இல்லை.

"கட்டினபிறகு கவரிங் அப்ரூவல் எடுக்கலாம்" என்று ஊரில் சொல்லித் திரிகிறார்களே, அதை நம்பி இறங்காதீர்கள். விதிக்கு அமைவாகக் கட்டிவிட்டு அனுமதி மட்டும் எடுக்காமல் விட்டவருக்கு மேலதிகக் கட்டணத்தோடு அது கிடைக்கலாம். எல்லையை மீறிய சுவரைக் கட்டணம் பின்னால் தள்ளாது. வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் இடிக்கச் சொல்லிக் கட்டளை வரும்.

அந்த நேரம் ஒருவர் வந்தார். "எனக்கு ஆளிருக்கு, ஒரு தொகை தந்தால் அளவை மாத்தலாம்" என்றார். தம்பி குடுத்து முடி என்றான். நான் குடுக்கவில்லை. அதற்காக இரண்டு மாதம் அவன் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பரவாயில்லை. வெள்ளைக் கோட்டை எந்த ஆளும் நகர்த்த முடியாது. காசைக் குடுத்திருந்தால் கூரை வரைக்கும் கட்டி, அதன் பிறகு உடைத்திருப்போம். நான் அலவாங்கோடு ஆட்களைக் கூப்பிட்டு முன் அத்திவாரத்தை எடுப்பித்தேன். கல்லைத் திரும்பப் பாவித்தோம். கொங்கிறீற்றும் கம்பியும் கூலியும் போனது போனதுதான்.

கரைச்சல் அதோடு முடியவில்லை. வீட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் மலகூடக் குழி கிணற்றடிக்குக் கிட்டப் போய்விட்டது. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி இருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். எங்கள் கிணறு மட்டும் இல்லை, பக்கத்து வளவுக் கிணறும் கணக்கில் வரும். குழியை மறுபக்கம் மாற்றினால் அங்கே பக்கத்து வீட்டுக் கிணறு. கடைசியில் சமையலறை இருந்த மூலையையே மாற்றிப் புதுப் படம் கீற வேண்டி வந்தது. இந்த முறை நான் வேறு ஒரு படவரைஞரைப் பிடித்தேன். வளவுக்கு வந்து, நாடா பிடித்து, இரண்டு கிணறுகளையும் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுத்தார். நீங்கள் படம் கீறக் கொடுக்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்ப வந்து பாக்கிறியள்?" தேவையில்லை என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

மற்ற அலுவல்கள் பெரிய விசயம் இல்லை. சபையில் படிவம், உறுதிப் பிரதி, நில அளவைப் படம், தகுதியுள்ளவர் கையொப்பமிட்ட கட்டடப் படம், ஆதன வரி கட்டியிருந்தால் பற்றுச்சீட்டு, பரப்பளவுக்கு ஏற்ற கட்டணம். பிறகு திட்டமிடல் குழுவில் எடுப்பார்கள். உங்கள் இடம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப் பிரதேசமா இல்லையா என்று முதலே கேளுங்கள். ஆம் என்றால் 1978 ஆம் ஆண்டு 41 ஆம் இலக்கச் சட்டமும் 2021 இல் வந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். இல்லை என்றால் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். நூறு வருசம் தாண்டிய சட்டம் என்று அலட்சியப்படுத்த வேண்டாம். எழுத்தில் அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. கிடைக்கிற அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். கட்டி முடியாவிட்டால் காலாவதியாக முன்னம் போய் நீடிப்பு எடுங்கள்.

வயலோடு ஒட்டிய காணி என்றால் கமநல சேவை நிலையத்துக்கும் போக வேண்டும். 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை அனுமதியில்லாமல் மண் போட்டு நிரப்ப முடியாது. எங்கள் பக்கம் ஊர்ப் பெயரைப் பாருங்கள்: பன்றிக்கெய்தகுளம், விளக்குவைத்தகுளம், இளமருதங்குளம். திரும்பின பக்கமெல்லாம் குளம். கோடையில் புல்லுத்தரையாகக் கிடக்கிற அலைகரையைக் காட்டி "நல்ல மேட்டுக்காணி" என்று விற்கிற தரகர்கள் இருக்கிறார்கள். மார்கழியில் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு முற்பணம் குடுங்கள்.

இன்னொரு கதையும் ஊரில் இருந்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, தவிசாளரும் உறுப்பினர்களும் இல்லாமல் செயலாளர்களின் பொறுப்பில் இருந்த காலத்தில், "இப்ப கேக்க ஆளில்லை, கட்டுங்கோ" என்றார்கள். தம்பிக்கும் யாரோ அதைத்தான் ஓதியிருக்க வேண்டும். உறுப்பினர் இல்லாவிட்டாலும் சட்டம் இருந்தது, அளக்கிற உத்தியோகத்தரும் இருந்தார். 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய உறுப்பினர்கள் வந்த பிறகு கதை மறுபக்கம் திரும்பிவிட்டது. இப்போது உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் "பிளானைப் பாஸ் பண்ணித் தாங்கோ" என்று நிற்கிறார்கள். உறுப்பினரிடம் கேட்க வேண்டியது வேறு. எந்த வீதிக்கு எவ்வளவு கட்டட எல்லை என்று ஒவ்வொரு உப அலுவலகத்திலும் தமிழில் பெரிதாக எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். படம் கீற முன்னம் சனம் வந்து விசாரிக்க மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். அது நடந்தால் அத்திவாரத்தை உடைக்கிற நிலை அடுத்த வீட்டுக்காரருக்கு வராது.

உங்களுக்கும் வெளிநாட்டில் ஒரு தம்பியோ அண்ணனோ இருப்பார், காசு அவர் கையில் இருக்கும், அவசரமும் அவருக்குத்தான் இருக்கும். நான் பிறகு செய்தது இதுதான்: இந்திய வீட்டுத்திட்டத்தில் செய்தது போலக் காசைக் கட்டம் கட்டமாக அனுப்பச் சொன்னேன். முதல் கட்டம் படத்துக்கும் அனுமதிக்கும் மட்டும். அனுமதிக் கடிதத்தின் படத்தை அனுப்பினால்தான் அத்திவாரக் காசு. மேசனாருக்கும் அதையே சொன்னேன். தம்பி முதலில் கோபப்பட்டான், பிறகு ஒத்துக்கொண்டான். வேலை முன்னையதை விடக் கெதியாகவே நடந்தது, ஏனென்றால் நடுவில் எதையும் உடைக்கவில்லை.

வீடு முடிந்ததும் குடிபுகு சான்றிதழ் எடுக்காமல் விடுகிறவர்கள் பலர். விடாதீர்கள். அனுமதித்த படத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று சபை தருகிற கடைசித் தாள் அதுதான்; பின்னொரு நாள் ஈடு வைக்கவோ விற்கவோ போகும்போது முதலில் அதைக் கேட்பார்கள். எங்களுக்கு அது கிடைத்த அன்று தம்பிக்கு அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் அவனிடமிருந்து கேள்வி வந்தது: "அக்கா, கடை துவங்க முன்னம் சபையில இன்னும் ஏதும் எடுக்கோணுமோ?" வியாபாரத்தைப் பொறுத்து அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும், என்ன கடை போடப் போகிறாய் என்று முதலில் முடிவெடுத்துச் சொல், நான் திங்கட்கிழமை போய் விசாரிக்கிறேன் என்று எழுதினேன்.