தீர்மானம் போட்டாச்சு, அப்புறம்? - டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் செய்த வேலை



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்கிற பெயர் நமக்குப் புதுசு இல்லை. பிள்ளை உண்டானதும் நர்ஸம்மாகிட்ட பதிவு பண்ணி வாங்குறோமே, மகப்பேறு நிதியுதவி, அந்தத் திட்டமே இவங்க பேர்லதான் இருக்கு. 2006ல் 6,000 ரூபாய், 2011ல் 12,000, அப்புறம் 18,000 என்று அந்தத் தொகை கூடியது. ஆனால் அந்த அம்மா யார் என்று கேட்டால், "யாரோ பெரிய டாக்டர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். டாக்டர்தான். அதோடு பிரிட்டிஷ்காரன் ஆண்ட இந்தியாவிலேயே சட்டசபைக்கு உறுப்பினராகப் போன முதல் பெண்ணும் அவர்தான். அங்கே போய் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

1886 ஜூலை 30ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கல்லூரி அப்போது பையன்கள் படிக்கிற கல்லூரி. ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்தால் எங்க பிள்ளைங்க கெட்டுப்போகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. (பையன் கெடுவானாம், அதுக்குப் பொண்ணு வீட்டில் இருக்கணுமாம்!) புதுக்கோட்டை மகாராஜா அனுமதி கொடுத்ததால் படித்தார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டராக வெளியே வந்தார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தபோது, "என்னைச் சமமாக நடத்தணும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது" என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டார்.

சட்டசபைக்குப் போனது 1926 கடைசியில். சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921லேயே வந்துவிட்டது. ஆனால் சொத்து, வரி என்று கணக்கு பார்த்துக் கொடுத்த ஓட்டு. நம்ம மாதிரி பெண்களுக்கு அது எட்டாத ஓட்டு. 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். ஒரு பெண்ணாவது உள்ளே இருக்கணும் என்று மாதர் சங்கம் கேட்டதன் பேரில் அரசு முத்துலட்சுமியை நியமன உறுப்பினராகப் போட்டது. வைத்தியத் தொழில் கெட்டுப்போகுமே என்று அவர் முதலில் தயங்கினார். பிறகு ஒத்துக்கொண்டார். 1927 ஜனவரியில் மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி என்று நிறையக் கேட்டார். ஆனால் அவர் பெரிதாக எடுத்த காரியம் பொட்டுக்கட்டு ஒழிப்புதான்.

சின்னப் பெண்பிள்ளைக்குப் பொட்டுக் கட்டி, சாமிக்கு என்று நேர்ந்து விட்டுவிடுவார்கள். அப்புறம் அவளுக்குக் கல்யாணம் கிடையாது. கோயிலில் ஆடணும், பாடணும். காசுள்ள ஆம்பளைகள் தயவில் காலம் தள்ளணும். இதை நிறுத்தச் சட்டம் கொண்டு வாங்க என்று 1927 நவம்பரில் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். நம்ம குழுவிலும் தீர்மானம் எழுதுகிறோம். நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாலும், ரோட்டில் தெருவிளக்கு எரிந்துவிடுவதில்லை. சட்டசபைத் தீர்மானமும் அப்படித்தான். "அரசு இதைச் செய்யணும்" என்று சபை சொல்கிற பரிந்துரை அது. சட்டம் ஆகணும் என்றால் மசோதா வேணும், அதை ஒவ்வொரு வரியாக விவாதித்து சபை நிறைவேற்றணும், மேலே இருந்து ஒப்புதல் வரணும். அரசு செய்யட்டும் என்று முத்துலட்சுமி காத்திருக்கவில்லை. தானே மசோதா தயார் செய்தார்.

அந்த மசோதாவில் அவர் கைவைத்த இடம் நிலம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான். கோயில் வேலைக்காக அந்தப் பெண்களுக்கு இனாம் நிலம் கொடுத்திருந்தார்கள். வேலை செய்தால்தான் நிலம். அம்மாவுக்கு வயசானால் மகள் அந்த வேலைக்கு வரணும், இல்லையென்றால் நிலம் போச்சு. சோறு போடுகிற நிலத்தைக் காப்பாற்ற மகளுக்குப் பொட்டுக் கட்டினார்கள். பழக்கத்தை மட்டும் தடுத்திருந்தால், பொண்ணு தப்பிச்சிருப்பாள், குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். அதனால் முதலில், கோயில் வேலை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும் என்று 1929ல் சட்டம் வந்தது. அறநிலையச் சட்டத்தில் செய்த திருத்தம் அது. முடிச்சை எங்கே அவிழ்க்கணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிர்ப்பு சும்மா இல்லை. சத்தியமூர்த்தி மாதிரி பெரிய தலைவரே எதிர்த்தார். தேவதாசிப் பெண்களிலேயே பலர் சங்கம் வைத்து அரசுக்கு மனுப் போட்டார்கள். எங்களை எல்லாரையும் விலைமாதர் என்று ஒரே கோட்டில் தள்ளாதீங்க, எங்க கலையும் சொத்துரிமையும் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சொத்து இல்லாத காலத்தில் அவர்களுக்கு அது இருந்தது. அதே சமயம் தஞ்சாவூர்ப் பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். பெரியாரும் ஆதரித்தார்.

1930ல், பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்குகிற மசோதாவையும் முத்துலட்சுமி கொண்டுவந்தார். அதற்குள் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்துப் பதவியை விட்டார். மசோதா நின்றுபோனது. அந்த ஆண்டே, பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த மூன்று பெண்பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் கேட்டுப் பார்த்தார், சேர்க்க மாட்டேன் என்றார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் பிறகு அவ்வை இல்லம் ஆனது.

பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது 1947ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். 1927 தீர்மானத்திலிருந்து 20 வருஷம். அப்போது முத்துலட்சுமி சபையில் உறுப்பினர்கூட இல்லை.

1923ல் தங்கை புற்றுநோயில் இறந்ததை அவர் மறக்கவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் 12 படுக்கையோடு திறந்தது அவர் அலைந்து பணம் சேர்த்ததால்தான். 1956ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22ல் காலமானார்.

கூட்டத்தில் பேச: இதை ஒருவர் சத்தமாகப் படிங்க. பிறகு தீர்மான நோட்டை எடுத்து, போன வருஷம் எழுதினதில் நடக்காமல் நிற்கிறது எது என்று பாருங்க. பஞ்சாயத்திலா, பேங்கிலா, பி.டி.ஓ. ஆபீஸிலா, எங்கே நிற்கிறது? யார் போய்க் கேட்பது, எந்தத் தேதியில் என்று பேர் போட்டு எழுதுங்க. பொட்டுக்கட்டு மாதிரி, நிலத்துக்காகவோ கடனுக்காகவோ விட முடியாமல் நடக்கிற வழக்கம் நம்ம ஊரில் ஏதாவது இருக்கிறதா என்றும் பேசிப் பாருங்க.